தட்டில் ஒரு மிளகாய்கூட மிச்சமில்லை

பெங்களூரில் நல்ல சிச்சுவான் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சிவப்புச் சட்னியில் புரட்டிய நூடுல்ஸைத் தேடுகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நிஜமான சிச்சுவான் சாப்பாட்டை நான் முதன்முதலில் சாப்பிட்டது 1987 மாசி மாதம். சாப்பிடுவதற்காகப் போகவில்லை. என் மனைவியின் அண்ணன் கோவிந்தனுடைய மிளகாயை விற்கத் துணைக்குப் போனேன்.

மச்சானுக்குக் கடத்தூர் பக்கம் மூன்று ஏக்கர். அவருடைய மிளகாய் பார்க்க நல்ல சிவப்பு. மூட்டையைப் பிரித்தால் தெருவே மணக்கும். காரம் மட்டும் சுமார். தர்மபுரி மண்டிக்காரர் ஒரு காயைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். "வாசன இருக்குது, காரம் எங்கீங்க? வாசனைய வெச்சிகிட்டு நான் என்ன சாம்பிராணியா போடறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது வருஷமாக இதே கதை.

"மாப்ள, இந்த வாட்டியும் போவலன்னா நெலத்த குத்தகைக்கு உட்டுட்டு ஓசூர் கம்பெனில வாட்ச்மேனா போயர்றேன்" என்றார் மச்சான். சும்மா சொல்லவில்லை. அங்கே ஒருவரிடம் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் லாரி ஓட்டும் என் நண்பர் காதர் பாய் தொப்பூர் டீக்கடையில் ஒரு சேதி சொன்னார். "பெங்களூர்ல ஒரு சீனாக்கார மாஸ்டர் இருக்காருங்க. காரங்கம்மியா, மணமா மொளகா வேணும்னு பாக்கறவங்களையெல்லாம் கேக்கறாரு. ஒருக்கா போய்ப் பாருங்க."

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காலை ஏழே காலுக்கு பஸ். தலைக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட், சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். பத்துக் கிலோ மிளகாயைச் சாக்கில் கட்டி மச்சான் மடியிலேயே வைத்துக்கொண்டார். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் முன் சீட்டு, பின் சீட்டு எல்லோரும் தும்மித் தீர்த்தார்கள். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மூட்டையைக் கூரைமேல் ஏற்றச் சொன்னார். மழை வந்தால் என்ன செய்வது என்று மச்சான் ஓசூர் வரை ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்து ஐம்பதுக்கு மெஜஸ்டிக். அங்கிருந்து எம்.ஜி. ரோடு பக்கம் ஆட்டோவுக்கு ஆறு ரூபாய்.

எட்டே மேஜை போட்ட சின்னக் கடை. மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பா சிச்சுவானிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவராம். இவர் பெங்களூருக்கு வந்து கன்னடத்தைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினார். மச்சானுக்கும் கன்னடம் தெரியும் என்பதால் மொழிச் சிக்கல் இல்லை. மாஸ்டர் ஒரு கை மிளகாயை அள்ளி முகர்ந்தார். "இதிலேயே சமைத்துத் தருகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருங்கள், கொஞ்ச நேரத்தில் வந்து பார்க்கிறேன்" என்று உள்ளே போனார்.

வந்த தட்டைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். தட்டு நிறைய வறுத்த மிளகாய். நடுநடுவே சுண்டைக்காய் அளவில் கோழித் துண்டுகள்.

"என்ன மாப்ள, மொளகாய்க்குக் கோழிய தாளிச்சிருக்காரு?" என்றார் மச்சான்.

முதல் வாயிலேயே நாக்கில் பொடிப்பொடியாக மின்சாரம் ஓடியது. அடுத்து உதடு மரத்தது, பல் டாக்டர் ஊசி போட்டதுபோல. அவர்கள் ஊர் மிளகு ஒன்று உண்டு, அதன் வேலை இது. அன்றைக்கு அது எங்களுக்கு எங்கே தெரியும்? மச்சான் அரண்டுபோய் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மாப்ள, வாய் இருக்குதா பாரு."

அந்த மரமரப்பின் மேல் மெதுவாகக் காரம் ஏறியது. அதற்கும் மேலே எழுந்தது ஒரு வாசனை. மூட்டையில் முகர்ந்த அதே வாசனைதான். ஆனால் எண்ணெயும் நெருப்பும் பட்டுப் பத்து மடங்காகி, மூக்கு, தொண்டை, மண்டை எல்லாம் நிறைத்தது. எனக்கு மெய் சிலிர்த்தது. மண்டியில் வேண்டாம் என்று தள்ளிய வாசனையைத்தான் இந்த மனிதர் சமைத்திருந்தார்.

"எங்காட்டு மொளகாயா இது?" என்று கேட்ட மச்சானின் கண்ணில் தண்ணீர். காரத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். பக்கத்து மேஜைக்காரர்கள் மிளகாயை விலக்கிக் கோழியை மட்டும் பொறுக்கித் தின்றதை நான் கவனித்தேன். மச்சானிடம் சொன்னேன்.

"வெளைய வெச்சவன் முன்னால ஒதுக்கி வெப்பாங்களா? தின்னு மாப்ள" என்றார் அவர். ஒரு காய்கூட விடாமல் தின்றோம். முக்கால்வாசி அவர்தான்.

கால் மணி நேரம் கழித்து வந்த மாஸ்டர் காலித் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். "மெணசினகாயி எல்லி?" என்றார். மிளகாய் எங்கே என்கிறார். தின்றுவிட்டோம் என்றார் மச்சான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எண்ணெயில் இருக்கும்போது எல்லா மிளகாயும் சிவப்புதான், தட்டில் கால் மணி நேரம் ஆறிய பிறகு கறுக்கிறதா, நமத்துப்போகிறதா என்பதுதான் அவருடைய பரீட்சையாம். நாங்கள் பரீட்சைத் தாளையே தின்றிருக்கிறோம்.

மச்சான் முகம் செத்துப்போனது. வாட்ச்மேன் சட்டை அவர் கண்முன் வந்திருக்கும். மாஸ்டர் சற்று யோசித்துவிட்டு, கடைசியாகத் தின்ற காய் எப்படி இருந்தது என்று கேட்டார்.

மச்சான் கொஞ்சமும் தயங்கவில்லை. "முதல் காயைவிட மொறுமொறுப்பாக இருந்தது" என்றார்.

மாஸ்டர் உள்ளே போய் இன்னொரு கை மிளகாயை வறுத்துக் கொண்டுவந்தார். தட்டை நடுவில் வைத்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் மூவரும் பதினைந்து நிமிடம் அந்த மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் மச்சானின் கை ஒருமுறை தட்டுப் பக்கம் போனது. தொடைமேல் ஓர் அடி போட்டேன். மிளகாய் கறுக்கவில்லை. மாஸ்டர் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தார். டக் என்று சத்தம் கேட்டது.

"மாதம் இரண்டு மூட்டை" என்றார்.

அவர் கல்கத்தாவுக்குத் திரும்பும்வரை பதினோரு வருஷம் காதர் பாயின் லாரியில் அந்த மூட்டைகள் போயின. அதற்குள் வேறு ஹோட்டல்காரர்களும் தேடி வந்துவிட்டார்கள். நிலம் குத்தகைக்குப் போகவில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. அதே எம்.ஜி. ரோடு பக்கம் இன்றிருக்கும் சிச்சுவான் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு: மதியம் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். இன்று இரண்டு பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆகும். வாய் மரத்தால் பயப்படாதீர்கள், பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். தண்ணீர் குடிக்காமல் வெறுஞ்சோறு ஒரு வாய் சாப்பிடுங்கள். மிளகாய் மணத்துக்குத்தான், தின்ன வேண்டியதில்லை.

போன மாதம் மச்சானைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் ஒரு புதுக் கடைக்குப் போனேன். எழுபத்தாறு வயது அவருக்கு. பக்கத்து மேஜையில் மிச்சமான மிளகாயோடு ஒரு தட்டைச் சர்வர் எடுத்துப் போனார். மச்சான் அவரை நிறுத்தி, ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தார். சத்தமே வரவில்லை. மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார்.

"நம்ம வூட்டுது இல்ல மாப்ள."