அப்பாசாமிக்கென்று வந்த வலை

என் அக்கா கண்ணாயியின் வீட்டுக்காரர் அப்பாசாமி இப்போது நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறார். தொண்ணூற்று நாலில் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தபோது, டாக்டர் கும்பிட்டுக் கேட்டும் கேளாமல், தையல் காய்ந்த கையோடு மிளகு பறிக்க ஏணியில் ஏறிய மனுஷன். மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டிலேயே அவரைப் போல ஒரு முரடர் கிடையாது.

பத்து வருஷம் கழித்து மூச்சு இரைத்தது. சேலத்துக்குக் கூட்டிப்போனேன். காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைத்த ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாக டாக்டர் சொன்னார்.

"பலூன் வெச்சு விரிக்கலாங்க. ஆனா பழைய குழாய். உள்ள இருக்கறது உதிர்ந்து கீழ போனா இதயத்துக்கே ஆபத்து. அதனால முதல்ல அடைப்பைத் தாண்டி ஒரு சின்ன வலையைக் குடையாட்டம் விரிச்சு வெச்சுருவோம். உதிர்றதை அது பிடிச்சுக்கும். அப்பறம் சுருக்கி எடுத்துருவோம்."

நான் முழித்தேன். மாமா தலையாட்டினார். "வாய்க்கா அடைப்பு எடுக்கறப்ப மடையில கூடை வெக்கறமில்லீங்க, அதாட்டம். வையுங்க சாமி."

வலை சென்னையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, அடுத்த வாரத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்தால் அன்றைக்கே மாரியாயி கோயில் திருவிழாவான நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். கட்டினால் நோம்பி முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. டாக்டர் கொடுத்த நாள் நோம்பிக்கு நடுவில் விழுந்தது. ஊர்ப்பெரியவரே வீடு தேடி வந்து, "நீ போயிட்டு வா அப்பாசாமி, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். அக்கா காலில் விழாத குறை.

"போன வாட்டி என்னைப் பொழைக்க வெச்சவ அவ. அவ நோம்பிய உட்டுப்போட்டு நான் போவனா? அடைப்புத்தானே, ஒரு வாரத்துல எங்க ஓடிப்போயிரும்?" என்றார் மாமா.

கை காலைக் கட்டி பஸ்ஸில் ஏற்றவா முடியும்? அக்கா போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தேன். அந்த ஒரு வாரமும் மேளச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மிச்ச நாளை விரல்விட்டு எண்ணினேன்.

நோம்பி முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கிச் சேலம் போனோம். உள்ளே கொண்டுபோனவர்கள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "முழுசா அடைச்சுப்போச்சுங்க. கம்பியே நுழையல. கம்பி போனாத்தான் வலையும் போகும், பலூனும் போகும். இன்னொருக்கா நெஞ்சைத் திறந்தா இந்த உடம்பு தாங்காது. இனி மாத்திரைதான்." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது மாமா டாக்டரைக் கேட்டார். "எனக்குன்னு வந்த அந்த வலைய என்னங்க பண்ணுவீங்க?"

"வேற ஒருத்தருக்கு வெப்போங்க."

"வெரசா வெச்சிருங்க சாமி. அவங்க ஊர்ல காப்புக் கட்டறதுக்குள்ள."