றஹ்மாவின் பதுங்குகுழி

துறைமுகத்து மதிலுக்குப் பின்னால், எங்கள் ஒழுங்கையில், றஹ்மா வீட்டுப் பதுங்குகுழிதான் ஆழமானது. சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன மறுநாளே அவள் மண்வெட்டியைத் தூக்கிவிட்டாள். ஊரில் பாதி கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஓடிப்போயிருந்தது. கணவன் தாஹிருக்குக் கப்பலில் மூட்டை இறக்கும் வேலை; விட்டுப் போக வழியில்லை. பகல் முழுவதும் கைக்குழந்தை ஸல்ஹாவைக் காப்பது அவள் பாடு.

அபாயச் சங்கை அவள் நம்புவதில்லை. குண்டு விழுந்த அன்று, சங்குக்கு முன்னரே குசினியில் கோப்பைகள் கலகலத்தன என்பாள். அதனால் பாரமான லொறி போய்க் கோப்பைகள் அதிர்ந்தாலும் பிள்ளையோடு குழிக்குள் இருப்பாள். ஒழுங்கையே சிரிக்கும்.

ஆவணியில் ஒரு காலை. சங்கு இல்லை, இரைச்சல் இல்லை. கோப்பைகள் மட்டும் கலகலத்தன. றஹ்மா பிள்ளையை அள்ளிக்கொண்டு குழிக்குள் குதித்தாள்.

இம்முறை சத்தம் மேலிருந்து வரவில்லை. காலுக்கடியில் ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுத்தது. பக்கச் சுவர் சரிந்து, மணல் கணுக்காலை மூடிற்று. மேலே பரப்பியிருந்த தென்னங்குற்றி ஒன்று முனகியபடி இறங்கிற்று.

பக்கத்து வளவிலிருந்து குணமணி ஓடிவந்தாள்.

“வெளியில வா பிள்ளை! நிலமெல்லோ ஆடுது!”

“பிளேன் அக்கா! நீங்களும் இறங்குங்க!”

“வானத்தில ஒரு காகமும் இல்லையடி. ஜப்பான்காரன் என்ன, மண்ணுக்குள்ளாலயா வாறான்?”

“மாட்டன்! மேல வந்தா புள்ள மௌத்தாப் போயிரும்!”

“உள்ளுக்க இருந்தா ரெண்டு பேரையும் மண் மூடும். முதல்ல பிள்ளையைத் தா!”

மணல் முழங்காலுக்கு வந்துவிட்டது. றஹ்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸல்ஹாவை மேலே நீட்டினாள். குணமணி பறித்தெடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவளையும் இழுத்தாள். அவள் வெளியே வந்து விழவும் குற்றிகள் தடாலென்று குழிக்குள் உட்கார்ந்தன. பிறகு ஆட்டம் நின்றது. நாய்கள் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தன.

பின்னேரம் தாஹிர் வந்து பார்த்து, வாயில் கைவைத்தான்.

“நாளைக்கு வேற இடத்தில வெட்டுவம்.”

“வேணாம்.”

“அப்ப குண்டு போட்டா எங்க போற?”

அவள் ஸல்ஹாவின் தலைமயிரிலிருந்த மணலைத் தட்டினாள்.

அடுத்த கிழமை பட்டப்பகலில் சங்கு ஊதிற்று. ஒழுங்கையில் எல்லோரும் குழிகளுக்குள் இறங்கினார்கள். குணமணி தன் குழிக்குள்ளிருந்து கத்தினாள்: “ஓடி வா பிள்ளை, இஞ்ச இடமிருக்கு!”

றஹ்மா பிள்ளையோடு அந்தக் குழியின் விளிம்புவரை ஓடினாள். கால் இறங்க மறுத்தது. வெட்டவெளி மணலில், ஸல்ஹாவை உடம்பால் மூடிக்கொண்டு குப்புறக் கவிழ்ந்தாள். முதுகு வானத்துக்குப் பயந்தது. வயிறு மண்ணுக்குப் பயந்தது. இரண்டுக்கும் நடுவில் குழந்தை மூச்சுமுட்டி அழுதது.