தெரியும் மச்சான், தெரியும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஈப்போவில் என் வீட்டு நடு அறையில் உட்கார்ந்தபடியே ஸ்காட்லாந்து மலை ஒன்றில் விமானத்தைக் கொண்டுபோய் மோதினேன். நூற்றைம்பது பயணிகள். ஒருவருக்கும் காயமில்லை, ஏனென்றால் ஒருவருமே இல்லை. எல்லாம் கணினிக்குள் நடந்தது. இருந்தும் அன்று ஓர் ஆள் நிஜமாகவே அடிபட்டார். அடித்தவன் நான்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. காப்புறுதி நிறுவனத்தில் வேலை. விபத்துக்கு மனிதர்கள் எழுதித் தரும் காரணங்களைப் படிப்பதும், படித்துவிட்டு நம்பாமல் இருப்பதும்தான் அங்கே என் கடமை. வார இறுதியில் கணினியில் பயணிகள் விமானம் ஓட்டுவேன். என் மனைவி இதை விளையாட்டு என்பார். நாங்கள் பயிற்சி என்போம். நாங்கள் என்றால், நாடு முழுவதும் சிதறிக் கிடந்து, இணையத்தில் சேர்ந்து பறக்கும் முப்பது பேர் கொண்ட குழு. தலைவர் சித்தியவானில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான். பரீட்சை வைப்பதிலிருந்து இல்லை.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், இருபத்தாறு வருடம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே விரைவுப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு மீண்டுவிட்டன. பேச்சு மட்டும் முழுதாக மீளவில்லை. சொல்ல வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். சொல் வந்து சேர நேரமாகும். அந்த நேரத்தை யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை. கடையில் "தே..." என்று ஆரம்பிப்பார். அவர் கேட்க வந்தது பால் போடாத தே ஓ. முடிப்பதற்குள் பால் கலந்த தே தாரிக் மேசைக்கு வந்துவிடும். அதையே குடித்துவிட்டு வருவார். கொஞ்ச நாளில் கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையே நிறுத்தினார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி ஒரு யோசனை சொன்னார். சின்னச் சின்ன வாக்கியங்கள், தினமும் அதே வாக்கியங்கள், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். எனக்கு உடனே விமானம்தான் ஞாபகம் வந்தது. இரண்டாவது விமானியின் வேலையே அதுதான்: மீட்டரைப் பார்த்துப் படிப்பது, உயரத்தைச் சொல்வது, தலைமை விமானி எதையாவது மறந்தால் ஞாபகப்படுத்துவது. நான்கு மாதம் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து பழகினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தேர்வு. தேறினால் குழுவோடு வாராவாரம் பறக்கலாம். அதைவிட முக்கியமான விஷயம், நோய் வந்தபிறகு முதல்முறையாக முப்பது பேர் கேட்க வாய் திறக்கப்போகிறார். காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் பார்க்கப்போவதில்லை, குரல் மட்டும்தான் கேட்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

இங்கே உயரமானியைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். அது உயரத்தை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை அளந்து, உயரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. மேலே பறக்கும்போது எல்லா விமானங்களும் பொதுவான ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். கீழே இறங்கும்போது, இறங்கப்போகிற ஊரின் அன்றைய அழுத்தத்தைக் கேட்டு அந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். நம் நாட்டில் அது எப்போது பார்த்தாலும் ஆயிரத்து ஒன்பதை ஒட்டியே இருக்கும். காலையில் ஒன்று கூடும், மாலையில் இரண்டு குறையும். பத்து வருடமாக சுபாங், பினாங்கு, ஈப்போ என்று இறங்கியவன் நான். இறக்கம் ஆரம்பித்தால் என் விரல் தானாகக் குமிழை அழுத்தும், ஆயிரத்து ஒன்பது வரும், வாய் தானாக "செட்" என்று சொல்லும். காது இதில் கலந்துகொள்வதே கிடையாது.

தலைவர் தேர்வுக்குத் தேர்ந்தெடுத்தது கிளாஸ்கோ. அங்கே அப்போது நிஜமாகவே புயல். எங்கள் கணினி நிஜ வானிலையைத்தான் எடுத்துக்கொள்ளும். நடுவானில் ஆரம்பித்து இறங்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்திருந்த உறுப்பினர் மூவாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார். அழுத்தம் ஒன்பது ஆறு எட்டு என்றார். மச்சான் தன் பக்கத்து மீட்டரில் நிதானமாக அதை வைத்தார். நான் குமிழை அழுத்தினேன், வழக்கம்போல ஆயிரத்து ஒன்பது வந்தது. "செட்."

இந்தத் தவற்றின் அர்த்தம் என்னவென்றால், என் மீட்டர் மூவாயிரம் அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் கீழே இருக்கும். கிளாஸ்கோவைச் சுற்றி அந்த உயரத்துக்கு மலை இருக்கிறது.

"மா... மாப்ளே. உன்... ப்ரஷர்..."

"தெரியும் மச்சான், தெரியும்."

"ஒன்ப... ஒன்பது... ஆறு..."

"போட்டாச்சு மச்சான்."

"உன்... உன் மீட்டர்..."

"இருங்க லா மச்சான். இறங்குற நேரத்துல பேசிக்கிட்டே இருக்காதீங்க."

இறங்குகிற நேரத்தில் பேசத்தான் அவரை உட்கார வைத்திருந்தது. தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கை ஒன்றும் விமானத்தில் உண்டு. ஈப்போவில் இறங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துவிட்டு அது சும்மா சும்மா அலறுகிறது என்று எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். ஆக, என்னை எச்சரிக்கக்கூடிய இரண்டையும் நானே வாயடைத்துவிட்டேன்.

மேகத்துக்குள்ளிருந்து பச்சையாக ஒன்று வந்தது. பிறகு திரை நின்றது.

குழுவில் யாரோ சிரித்தார்கள். தலைவர் கேட்டார்: "என்ன ப்ரதர், ஆயிரம் அடி கீழ வந்திருக்கீங்க. ரெண்டாவது பைலட் ஏன் சொல்லல?"

முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"அவருக்குப் பேச்சு இன்னும் சரியா வரல சார். கொஞ்சம் லேட்டாதான் வரும்."

மச்சான் தலையிலிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி, மேசைமேல் சத்தமில்லாமல் வைத்து, எழுந்து போனார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். ஸ்காட்லாந்தின் வானிலைமீது கோபம். அந்த மலையைப் படம் வரைந்து கணினிக்குள் ஏற்றிய ஆள்மீது கோபம். உலகத்துக்கெல்லாம் ஒரே அழுத்தத்தை வைத்துத் தொலைக்காத இயற்கைமீது கோபம். சிரித்தவன் யார் என்று தெரிந்துகொள்ள மூன்று பேருக்கு போன் செய்தேன். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்தார் மனைவி.

"அண்ணன் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"நான் அடுப்பங்கரையில இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. மூணு தடவ சொன்னாரு. பக்கத்துல உக்காந்திருந்த உங்களுக்குக் கேக்கல. உங்களயெல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கூட சேத்துக்க மாட்டாங்க. அங்க உள்ளவங்களாவது டாக்டர் பேசுனா கேப்பாங்க."

தேர்வுகளைத் தலைவர் பதிவு செய்து வைப்பார். வாங்கிக் கேட்டேன். அடுத்தவர் விபத்தில் காரணம் தேடிப் பிழைப்பவனுக்கு இதில் தேட எதுவுமே இல்லை. மூன்று முறை ஆரம்பிக்கிறார். மூன்று முறையும், அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் என் குரல் வந்து உட்காருகிறது. இன்னும் இரண்டு விநாடி விட்டிருந்தால் போதும். அதைவிடக் கேவலமானது கடைசியில் நான் சொன்ன அந்த வாக்கியம். தங்குதடையில்லாமல், எவ்வளவு தெளிவான தமிழில் சொல்லியிருக்கிறேன்.

குழுவுக்கு நடந்ததை எழுதினேன். தலைவரின் பதில் ஒரே வரி: "அவரு பாஸ், நீங்க ஃபெயில்."

இந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார்.

"நீ... எனக்கு... பேச வராதுன்னு... சொன்ன. எனக்கு... வரும். நேரம்... ஆகும்."

நான் தலையாட்டினேன்.

"ஆட்டாத. கேளு." வெகுநேரம் கழித்து அடுத்தது வந்தது. "பஸ்ல... பின்னால... ஒரு பாட்டி... கத்துனா கூட... நிறுத்துவேன். நிறுத்தி... கேப்பேன். நீ... நிறுத்தல."

அக்கா, அதாவது மச்சானின் மனைவி, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மச்சானுக்குக் கண் சிவந்திருந்தது. "நீ ஒரு..." என்றார். சொல் வரவில்லை. தேடினார். ஈப்போ சந்தையில் வளர்ந்தவனுக்கு அந்த இடத்தில் போட வேண்டிய சொல் தெரியாதா? என்னிடம் மூன்று தயாராக இருந்தன. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"...கிராணி."

அந்த மூன்றில் இது இல்லை. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, தொழிலாளி வாயைத் திறப்பதற்குள் அரைநாள் கூலியை வெட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறவர். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த உத்தியோகம்தான் பார்த்தார். மச்சானின் அப்பா அப்படிப்பட்ட பெரட்டில் நின்று, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனவர். எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் எவ்வளவோ பேசினார்கள். இந்தச் சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவர் அதை உள்ளே வைத்திருந்தார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

சுரீரென்று கோபம் வந்தது. தாத்தாவை எதற்கு இழுக்கிறார் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடினேன். அவர் இன்னும் முடித்திருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று அவர் முடிக்க. அப்புறம் எழுந்து உள்ளே போனார். தேநீர் கொடுக்கவில்லை.

மச்சான் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பறக்கிறார், பாகான் செராயில் இருக்கும் ஓர் அம்மாவின் விமானத்தில். அந்த அம்மா பொறுமைசாலி என்கிறார்கள். என்னோடு அவர் இன்னும் பறக்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அலுவலகத்தில் யாராவது சொல் கிடைக்காமல் தடுமாறினால் இன்றைக்கும் என் வாய் முந்திக்கொண்டு உதவிக்குக் கிளம்புகிறது. அந்த உதவியை விழுங்கிவிட்டுக் காத்திருக்கிற சில விநாடிகளில் என்மீதே எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது தணியக் கூடாது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.