கறார் கடை அண்ணாச்சி வீடு வாங்கியது

மாப்பிள்ளையூரணியில் வன்னியபெருமாள் என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். கறார் கடை அண்ணாச்சி என்று கேளுங்கள், கடை வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனிதர், முப்பது வருடத்துக்கு முன் பலசரக்குக் கடை திறந்த அன்றைக்கே ‘கறார் விலை’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு தராசு மாறியது, பைசா ஒழிந்தது, போனைக் காட்டிப் பணம் கொடுக்கும் காலமும் வந்தது. பலகை மட்டும் மாறவில்லை. ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு. அண்ணாச்சி எல்லோருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். சொந்தச் சம்பந்தி கருப்பட்டி வாங்க வந்தபோதும் அதே சிரிப்புதான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று கேள்வி.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அண்ணாச்சிக்குப் பேரம் பேசத் தெரியாது. கொள்கையெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான். விலை குறைத்துக் கேட்க வாயெடுத்தால் அவருக்குக் காது சிவந்துவிடும், பேச்சு பாதியிலேயே நின்றுவிடும். மீன் வாங்கக்கூட மனைவி சண்முகவடிவுதான் போகவேண்டும்.

அவளாலும் போன வருடத்திலிருந்து முடியவில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குடியிருப்பதோ கடைக்கு மேலே மாடியில், வாடகைக்கு. செங்குத்தான படி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். சிரித்துக்கொண்டேதான் இறங்குவாள், அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கோயில் கொடைத் திருவிழாவின் மேளச் சத்தத்தை ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, “இந்த வருசமும் போக முடியல” என்று அவள் சொன்ன அன்று, தரையோடு ஒரு வீடு வாங்கியே தீருவது என்று முடிவு கட்டினார்.

நல்ல நேரம், அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஈவாஞ்சலின் டீச்சர் வீடு விலைக்கு வந்தது. டீச்சர் நாசரேத்துக்காரர். கணவர் எஸ்றா சாரும் வாத்தியார்தான். அவர் காலமான பிறகு மகளோடு கோயம்புத்தூரில் போய் இருந்துவிடலாம் என்று டீச்சர் நினைத்தார். விலை முப்பத்திரண்டு லட்சம் என்றார். அண்ணாச்சி மறுபேச்சுப் பேசவில்லை. சேமிப்பு, நகை, வங்கிக் கடன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சரியாக அதுவரைதான் எட்டும். அக்ரிமென்ட் போட்டு இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்தாயிற்று. வாங்குகிறவர் பின்வாங்கினால் முன்பணம் போச்சு என்று அதில் எழுதியிருந்தது. பின்வாங்குகிற எண்ணம் யாருக்கு இருந்தது?

பிறகுதான் வங்கி அனுப்பிய இன்ஜினியர் பெனிஸ்டன் வந்தார். வீட்டைச் சோதித்துப் பார்த்து அவர் சரியென்று எழுதினால்தான் கடன். டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தார், சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு. சுவரும் கூரையும் புதுப் பெயின்ட்டில் பளபளத்தன. பெனிஸ்டன் அடுப்படியில் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கெட்டியாகக் கேட்கவேண்டிய சத்தம் பொள்ளலாகக் கேட்டது. இன்னொரு தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பொரிந்து, தொட்டால் ஏடு ஏடாக உதிர்ந்தது.

“உப்புத் தண்ணியில கலவை போட்டிருக்காங்க அண்ணாச்சி. அந்தக் காலத்துல இங்கன பாதி வீடு இப்படித்தான். அஸ்திவாரம், சுவரு எல்லாம் நல்லாருக்கு. ஹாலுக்கும் அடுப்படிக்கும் கூரையைப் பிரிச்சுப் புதுசாப் போட்டாகணும். அதைச் செய்றதா இருந்தா கடனுக்குச் சரின்னு எழுதித் தாரேன்.”

“என்ன செலவாகும் சார்?”

“மூன்றரை லட்சம். அதுக்குக் கொறைஞ்சு யாரும் செய்ய மாட்டாங்க.”

அண்ணாச்சியிடம் மூன்றரையாயிரம் கேட்டால்கூட அப்போது யோசிக்கவேண்டியதுதான். விழுந்த காரையை ஏனோ ஒரு கேரிபேக்கில் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

சண்முகவடிவு எல்லாவற்றையும் கேட்டாள். “இதுக்கா மொகத்தை இப்படி வச்சிருக்கிய? டீச்சர்ட்ட போயி விலையைக் கொறைக்கச் சொல்லுங்க. எடுத்ததும் அஞ்சு கேளுங்க. அவிய ரெண்டும்பாவ. மூன்றரையில வந்து நிக்கும்.”

“எனக்கு அது வராதுன்னு ஒனக்குத் தெரியாதா ஏளா?”

“வர வைங்க. நான் எறங்கிப் போயிப் பேசுத மாதிரியா இருக்கு?”

சட்டையை மாட்டிக்கொண்டு போனார். டீச்சர் காபி கொடுத்தார். அண்ணாச்சி வெயிலைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், உப்பு லாரிகள் தெருவைப் பாழாக்குவதைப் பற்றியும் பேசினார். கடைசியில், “டீச்சர், கூரை கொஞ்சம்... விலையில...” என்று இழுத்தார். காது நெருப்பாகச் சுட்டது.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, இத்தனை வருசமா உங்க கடையிலதான் சாமான் வாங்குதேன். ஒரு ரூபா, ஒரே ஒரு ரூபா குறைச்சிருக்கீங்களா?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப என் வீட்டுக்கும் கறார் விலைதான். எங்க சார் லீவு போட்டு, வெயில்ல நின்னு கட்டின வீடு. சுத்தியலால தட்டினா எந்தக் கூரையிலயும்தான் காரை விழும். வீட்டைக் குறை சொல்லி யார் பேசினாலும் நான் கேக்க மாட்டேன்.”

அண்ணாச்சி பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பத்திரம் பதியக் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீடும் போய், முன்பணமும் போய், அந்தப் படியில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கவேண்டியதுதானா? கடையில் உட்கார்ந்து பலகையை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அதைக் கழற்றி அடுப்பில் வைக்கலாமா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அப்படி ஒரு காலைப்பொழுதில் பின் தெருச் செல்வராணி வந்தாள். கையிலிருந்த பையைத் தராசுத் தட்டின் மேல் வைத்தாள். “அண்ணாச்சி, நேத்து வாங்குன தேங்கா. ஒடைச்சா அழுகலு.”

பலகையில் எழுதாத சட்டம் ஒன்று அந்தக் கடையில் உண்டு. விலையில் ஒரு காசு குறையாது. ஆனால் தேங்காய் அழுகல் என்றால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார். பையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அன்றைக்கும் அப்படியே வேறு ஒன்றை எடுத்து, தட்டிப் பார்த்து நீட்டினார். “உள்ள இருக்கதை யாரு கண்டா? கொண்டு போ தாயி.”

ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அன்றுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. செல்வராணி போன கையோடு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாடியேறி அந்தக் கேரிபேக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று டீச்சர் வீட்டுக்கு நடந்தார்.

செல்வராணி வைத்த மாதிரியே பையை மேஜைமேல் வைத்தார். “டீச்சர், நான் விலை குறைக்கக் கேட்டு வரல. முப்பத்திரண்டுன்னு சொன்னிய, முப்பத்திரண்டுதான். ஆனா தேங்காயை ஒடைச்சுப் பாத்தாச்சு. அழுகலா இருக்கு.”

டீச்சர் பைக்குள் கைவிட்டுக் காரைத் துண்டை எடுத்தார். விரலெல்லாம் துரு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க சார் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணாச்சி...” குரல் உடைந்தது.

“சார் என்ன செய்வாவ டீச்சர்? வாங்குனது நல்ல கம்பி. தண்ணி உப்பு. உள்ள இருக்கதை யாரு கண்டா?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் உங்ககிட்ட எத்தனை தேங்காயைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்? ஒரு தடவையாவது பையைத் திறந்து பார்த்திருக்கீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்?”

“மாத்திக் கொடுக்க என்கிட்ட வேற வீடு இல்லையே. புதுக் கூரைக்கு எவ்வளவு ஆகும்?”

அஞ்சு கேளுங்க என்று சண்முகவடிவு காதுக்குள்ளேயே நின்று சொன்னாள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். “மூன்றரை லட்சம்.”

“கறார் விலையா?”

“கறார் விலைதான்.”

“அப்ப சரி. அதைக் கழிச்சுக்கிட்டுக் கொடுங்க. வேற யாராவது வந்து சொல்லியிருந்தா, நானும் ரெண்டு இன்ஜினியரைக் கூப்பிட்டிருப்பேன்.”

அண்ணாச்சிக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தெருவில் கால் தரையில் பாவவில்லை. கடையைத் திறக்கக்கூடத் தோன்றாமல் நேரே மாடிப்படிக்குப் போனார். சண்முகவடிவு நடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே காத்திருக்க முடியாமல் அதுவரை இறங்கி வந்துவிட்டிருக்கிறாள்.

“எவ்வளவு கேட்டிய?”

“மூன்றரை.”

“அவிய எவ்வளவு சொன்னாவ?”

“மூன்றரை.”

அவள் படியே அதிரும்படி சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“கையைப் புடிங்க,” என்றாள். “பாதி எறங்கியாச்சு. போன்ல போட்டோ பாத்தது போதும், அந்த வீட்டைப் போயி நேர்ல பாத்துட்டு வருவோம்.”

மிச்சப் படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். பிறகு நாலு வீட்டுத் தூரத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். டீச்சர் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். வாசலில் இருந்தது ஒரே ஒரு படி. சண்முகவடிவு அதை நின்றபடியே ஏறினாள்.