சாலம்மாளுக்கு வேண்டிய ரெண்டு கையெழுத்து

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சின்னத் தெரு. மொத்தம் ஏழு வீடு. அதில் ஆறு வீட்டோடு சாலம்மாளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏழாவது அவள் வீடு. தண்ணி லாரித் தகராறில் ரெண்டு வீடு போச்சு. ஆடு மேய்ந்ததில் ஒண்ணு. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றாமல் போனதில் இன்னொண்ணு. மிச்சம் ரெண்டு வீட்டோடு எதற்குச் சண்டை என்று அவளுக்கே மறந்துபோச்சு. அதற்காகக் கொள்கையை விட்டுவிட முடியுமா?

அப்பேர்ப்பட்டவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். மகள் வெண்மதி கனடாவில் ரெண்டு வருசம் படித்தாள். படித்து முடித்தவர்களுக்கு அங்கே கொடுக்கிற மூணு வருச வேலை அனுமதியும் அடுத்த மாசத்தோடு முடிகிறது. அதற்குள் நிரந்தரமாகத் தங்க மனுப் போடணும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டணும். மனுவோடு நம்ம ஊர்ப் போலீஸ் சான்றும் வைக்கணும்.

"நாளைக்குப் போலீசு வூட்டுக்கு வருவாங்கம்மா. அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு, 'இந்தப் பொண்ண எங்களுக்குத் தெரியும், நல்ல பொண்ணு'ன்னு கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்," என்றாள் வெண்மதி போனில்.

அவ்வளவுதானாம்! சாலம்மாள் வாசலுக்கு வந்து ஆறு வீட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

சாயங்காலமே பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து ஒரு தட்டு ஒப்பிட்டு சுட்டு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் வாசலில் போய் நின்றாள். என்ன பேசணும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துதான் போனாள்.

கோவிந்தம்மாள் தட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, வெசம் கிசம் வெச்சிருக்கியா?"

"உன் மூஞ்சிக்கு வெசம் ஒண்ணுதான் கொறச்சல்!"

மனப்பாடம் செய்தது இது இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. எதிர் வீட்டுப் பச்சியப்பனோ அவள் தெருவைத் தாண்டுவதைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டார். ஒப்பிட்டு அத்தனையும் அவளே தின்று தீர்த்தாள்.

மறுநாள் ஏட்டு அருள்குமார் பைக்கில் வந்து இறங்கினார்.

"சார், ரெண்டு கையெழுத்தையும் நானே போட்டுடறேனுங்களே?"

"பெத்தவங்க போட்டா செல்லாதும்மா."

ஏட்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். சாலம்மாள் ஜன்னல் ஓரம் நின்று தீர்த்தமலையானுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். பாழாய்ப்போன இந்த வாயால் பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண் விழப்போகிறதே!

"வெண்மதிங்களா? தங்கமான புள்ளைங்க," என்றாள் கோவிந்தம்மாள். "ஆத்தாகாரி மாதிரியே இல்லீங்க."

அதற்குள் பச்சியப்பன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க சார், புள்ளைக்கு அங்க நெரந்தரமாயிட்டா ஆத்தாளும் கூடப் போயிருவாங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்? பொண்ணு கூப்பிட்டா போவாங்களா இருக்கும்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? ஆறு வீட்டு ஆட்களும் பேனாவோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"ரெண்டு போதுங்க!" என்று கத்தினார் ஏட்டு.

"இருக்கட்டுங்க சார், பலமா இருக்கும்."

ஏட்டு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். வண்டியை உதைக்கும்போது சாலம்மாளைப் பார்த்து, "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. பொண்ணுக்கு இனிமே அந்த ஊருதான் ஊரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் வீடு திரும்பாமல் இருக்கத்தான் நேற்றிலிருந்து இத்தனை பாடுபட்டிருக்கிறாள். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். புருஷன் செத்தபோதுகூடத் தெரு பார்க்க அவள் அழுததில்லை.

இந்தக் காட்சிக்காகப் பத்து வருசம் காத்திருந்தவள் கோவிந்தம்மாள். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. முந்தானையைத் திருகினாள். பிறகு இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏ சாலம்மா! உன் கோழி எங்க கீரைப் பாத்தியக் கெளறிப் போட்டிருக்கு. கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

சாலம்மாள் நனைந்த முகத்தை நிமிர்த்தினாள். "எனக்கு ஏதுடி கோழி?"

"இருந்திருந்தா கெளறியிருக்குமில்ல?"

சாலம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தாள். தெருவில் இறங்கினாள்.