இடது கையில் ஒரு முழம் மல்லி

கோலா கெத்திலில் பசாருக்குத் திரும்புகிற முனையில் எனக்கு ஒரு பூக்கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு பெரிய குடை, ஒரு ஐஸ் பெட்டி, அப்புறம் நான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போயாகவேண்டும். மார்பில் புற்றுநோய் என்று சொல்லி ஒரு பக்கத்தை எடுத்து, கீமோ ஊசி போட ஆரம்பித்தபோதும் நான் கடையை விடவில்லை. ஊசி போட்ட வாரம் படுக்கை, உடம்பு தேறினால் கடை. வீட்டில் இருந்தால் புருஷன் முகத்தைப் பார்க்கவேண்டும். பாவம், லாரி ஓட்டுகிற மனுஷன், என்னைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். அதற்குப் பசாரே தேவலை என்று வந்து உட்கார்ந்துகொள்வேன்.

முடி கொட்டிய பிறகுதான் வம்பு வந்தது. மொட்டைத் தலைக்கு வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று பசார் மாலாம் இரவுச்சந்தையில் ஒரு தலைத்துணி வாங்கினேன். அங்கே கிடைப்பதெல்லாம் மலாய்க்காரப் பெண்கள் போடுகிற தூடோங்தான். பார்த்துப் பார்த்து ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்துக் கட்டினால் அது நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசையில் பலகாரம் விற்கிற மலாய்க்கார அம்மா, மாக்சிக், எழுந்து வந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் துணியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி என் தாடைக்குக் கீழே இழுத்துக் குத்திவிட்டுத் திரும்பிப் போனார். அவருடைய அக்காவுக்கும் இதே நோய் வந்ததாம், ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். அந்த ஊக்கு இன்னமும் என் பணப்பையில் கிடக்கிறது.

நம்ம ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் வேறு மாதிரி. பூக்காரி மதம் மாறிவிட்டாள் என்று ரப்பர் தோட்டம் பூராவும் பேச்சு. ஒரு பெரியவர் சாமிக்கு மாலை வாங்க என்னைத் தாண்டி சுங்கைப்பட்டாணி வரைக்கும் போனார். எனக்குக் கோபம் வந்தால் தாங்காது. மறுநாள் துணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டு மொட்டைத் தலையோடு உட்கார்ந்தேன். அதற்கும் கேள்வி ரெடியாக இருந்தது, எந்தக் கோயில் வேண்டுதல் என்று. "முருகனுக்கு இல்லங்க, ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது. கேன்சர், ஒரு பக்கம் எடுத்தாச்சு. ரோஜா வேணுமா, மல்லி வேணுமா?" என்பதுதான் வந்தவர் எல்லாருக்கும் என் பதில். சிலர் பூ வாங்காமலே நகர்ந்தார்கள். நகர்ந்தால் நகரட்டும். ஆனால் நகராதவர்களும் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப் போகும். ஒருத்தி தினமும் விரால் மீன் சூப் கொண்டுவந்து வைத்தாள். மாலைக்காக சுங்கைப்பட்டாணி போன அதே பெரியவர், ஒருநாள் வந்து என் குடையை வெயில் விழாத பக்கமாகத் திருப்பி நட்டுவிட்டுப் போனார்.

ஊசியெல்லாம் முடிந்தது. முடி திரும்ப முளைத்தது. முன்பு கோரை மாதிரி நேராக இருந்தது, இப்போது சுருட்டை. விரல் நுனிகள்தான் திரும்பி வரவில்லை. மரத்துப்போனது மரத்துப்போனபடியே நின்றுவிட்டது. பூக்காரிக்கு விரல் மரத்துப்போனால் என்ன மிச்சம்? நார் இறுகியதா இல்லையா என்று தெரியாது. நான் கட்டிய சரம், வாங்கியவர்கள் கோயில் வாசலுக்குப் போவதற்குள் உதிர்ந்தது. மற்றவர்கள் கட்டிய சரத்தை மொத்தமாக வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டினேன். அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள்.

சிடாம் கிரியில் வீடு, கையுறை ஃபேக்டரியில் வேலை. என்னைவிடச் சின்னவள். ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். நான் மற்றவர்களுக்குப் பூ அளந்து கொடுக்கிற வரைக்கும் அந்த ஒரு முழத்தையே உருட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும், அக்கா, உங்களுக்கு முடி கொட்டினப்போ வலிச்சிச்சா என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். வலது மார்பை எடுத்து, முதல் ஊசியும் போட்டாயிற்றாம். புருஷனையும் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஃபேக்டரியில் டாக்டர் சீட்டு கொடுத்து நீண்ட எம்சி லீவு.

அன்றிலிருந்து சாயங்காலமானால் கடைக்கு வந்துவிடுவாள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? சும்மா உட்காராமல் பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அப்பப்பா, என்ன கட்டு! பூவுக்குப் பூ இடைவெளி தெரியாது. நான் அவளுக்கு வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது, குமட்டினால் எதை வாயில் போட்டுக்கொள்வது, எந்த நாளில் எழுந்து நடக்கலாம் என்று சொல்லுவேன். அவள் என் விரலாக இருந்தாள், நான் அவளுக்குத் தைரியமாக இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தைரியமும் பாதி அவளிடமிருந்துதான் எனக்கு வந்தது. மறுபடி பரிசோதனைக்குப் போகிற தேதி எனக்கு நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த நாட்களில் அவள்தான் என்னைப் பேசவைத்துச் சிரிக்கவைப்பாள்.

ஒருநாள் தலையை மூடியிருந்த முந்தானைக்குள் கையை விட்டு ஒரு கொத்து முடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு சுங்கைப்பட்டாணியில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர்கள். மறுநாள் திங்கட்கிழமை இவளுக்கு இரண்டாவது ஊசி. போகப்போவதில்லை என்றாள். கல்யாணம் முடிகிற வரைக்கும் ஊசியே வேண்டாம், இருக்கிற முடியாவது நிற்கட்டும். தாய்க்குக் கேன்சர் என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களே தேதியைத் தள்ளிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லப்போகிறாளாம்.

நான் கத்தினேன். மாக்சிக் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். முடியைக் காப்பாற்றிவிட்டு நீ போய்ச் சேர்ந்தால் மகள் யாரைப் பார்க்கத் தாய்வீட்டுக்கு வருவாள் என்று கேட்டேன். முதல் ஊசிக்கே முடி அத்தனையும் போய்விடும், நீ நிறுத்தினாலும் நிற்காது என்றும் சொன்னேன். அவள் பூவைக் கட்டிக்கொண்டே அழுதாள். அந்த அழுகைக்கு முன்னால் என் கோபம் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவை எனக்கும் தெரியும். என் கடையில் ஒருதரம் மாலை வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்து, இது நேற்றையது, இது முந்தாநாளையது என்று என் மானத்தை வாங்கிவிட்டுப் போன அம்மா. அவர் முன்னால் நிற்க இவள் பயப்படுவதில் தப்பில்லை.

"ஞாயித்துக்கிழமை என் பொறுப்பு, திங்கக்கிழமை உன் பொறுப்பு. சம்மதமா?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

என் பொறுப்பு என்னவென்றால் முடி. சுங்கைப்பட்டாணியில் ஒரு விக் வாங்கினோம். அதைக் கொண்டையாகச் சுற்றி, கொண்டையே தெரியாதபடி மல்லியால் மூடவேண்டும். எப்படிச் சுற்றவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, தன் கொண்டைக்கான பூவைத் தானே உட்கார்ந்து கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சமிருந்த முடியை அவள் புருஷன் மழித்துவிட்டார். விக்கை வைத்து, பூவைச் சுற்றி, கண்ணாடியைக் காட்டினேன். கண் கூசுகிற மாதிரி அழகு! மெதுவாகத் தலையை ஆட்டு, குனிந்து யார் காலிலும் விழாதே, தலைவலி என்று சொல்லிக்கொள் என்று எல்லாப் பாடமும் எடுத்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன் என்றுதான் நினைத்தேன்.

வந்தார்கள், தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, தலையில் பூ வைத்தார். நான் பின்வரிசையில் நின்றுகொண்டு, என்ன நெருக்கமில்லாத கட்டு, எந்தக் கடையில் வாங்கினார்களோ என்று பூவைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தட்டிலிருந்து இன்னொரு முழத்தை எடுத்தார். ஒரு கையில் பூ, ஒரு கையில் கொண்டை ஊசி. சம்பந்தி, இப்படித் திரும்புங்க என்று இவள் பக்கம் வந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பெண்ணுக்கு வைத்த கையோடு பெண்ணைப் பெற்றவளுக்கும் பூ வைப்பார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எத்தனை வீட்டுச் சடங்குக்கு நான் பூ கொடுத்திருக்கிறேன்! கொண்டையை மறைக்கிற யோசனையில் அது மட்டும் புத்தியில் ஏறவில்லை. அந்த ஊசி விக்கில் குத்தி இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் இவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, இது என் முடி இல்ல. எனக்கு மாருல புத்துநோய். நாளைக்கு ரெண்டாவது ஊசி."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனாலும் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மகள் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா பூவைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தன் புருஷன் பக்கம் திரும்பிப் பார்ப்பார், புருஷன் எழுந்திருப்பார், பின்னாலேயே எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா திரும்பவில்லை. கொண்டை ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு இவளுடைய வலது கையைப் பிடித்தார். இவள் கையை இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஆபரேஷன் பண்ணியது, எதுவும் கட்டக்கூடாது என்றாள்.

"அப்ப அந்தக் கையக் குடுங்க."

இடது கையிலா என்று பின்னால் யாரோ முனகினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு முழத்தையும் சுற்றி, நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு கன்னத்தில் சந்தனம் பூசினார், பொட்டு வைத்தார்.

"கல்யாணத்துல தலையில வைப்பேன். அதுக்குள்ள வளத்து வையுங்க சம்பந்தி" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, பசியாறுகிற நேரம் ஆயிற்றே, இலை போடலாமா என்று கேட்டார். நான் இலை போடப் போகாமல் சமையலறைக்குள் புகுந்து, வாய்விட்டு அழுதேன். அந்த அம்மாவைப் பற்றி இத்தனை நாள் பேசிய பேச்சையெல்லாம் அன்றைக்கே விட்டுவிட்டேன். நேற்றைய பூவை நேற்றையது என்று சொன்னதில் என்ன தப்பு? அது நேற்றையதுதான்.

திங்கட்கிழமை விடியற்காலையில், அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப்போகிற வேனில் நான் முன்னாலேயே ஏறி, அவளுக்கும் இடம் பிடித்து வைத்திருந்தேன். அவள் வருவாளா என்ற சந்தேகம் சிடாம் கிரி திருப்பத்தில் அவளைப் பார்க்கிற வரைக்கும் இருந்தது. விக் இல்லை. தலையில் நான் கொடுத்திருந்த பழைய ரோஜா நிறத் துணி. இடது கையில் அந்த மல்லி, வாடித் தொங்கிக்கொண்டு. இரவு அவிழ்க்கவே இல்லையாம். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளித்தாளாம். அலோர்ஸ்டார் போய்ச் சேரும்வரை வேனில் வந்த எல்லாரிடமும், யார் வைத்த பூ, என்ன சொன்னார் என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை மாதம் வாயைத் திறக்காதவள் இவள்தானா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊசி போடுகிற அறை வாசலில் நர்ஸ் மிஸ்ஸி நிறுத்திவிட்டார். உள்ளே பூ கூடாது, நோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அதுவும் ஊசி குத்துகிற கையே அந்தக் கைதான். அவள் பூவையும் என்னையும் பார்த்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. நான் பையில் வைத்திருக்கிறேன், கொடு என்று கையை நீட்டினேன்.

"பையில வேணாம். குனிங்கலா, அக்கா" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். முடி கொட்டின நாளிலிருந்து நான் பூ வைத்ததில்லை. ஊருக்கெல்லாம் பூ விற்றேன், என் தலைக்கு ஒரு பூ எடுக்கவில்லை. முடி முளைத்த பிறகும் எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மறுபடியும் கொட்டிவிடுமோ என்கிற பயம்தான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டினவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

குனிந்தேன். என் கட்டைச் சுருட்டை முடிக்குள் விரலை விட்டு, ஹேர்பின் குத்தி, ஒரு முழத்தையும் வைத்தாள். இரண்டு தரம் நழுவியது. மூன்றாவது தரம் நின்றது. தலையை ஆட்டச் சொன்னாள், ஆட்டினேன். பூ விழவில்லை.

பிறகு அவள் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து, மிஸ்ஸியிடம் இடது கையை நீட்டினாள்.