அப்பாவுக்கு வந்த வரன்

போன வாரம் ஷா ஆலமில் ஒரு பல் கிளினிக்கில், கைப்பேசியிலேயே படிவம் நிரப்பச் சொன்னார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர். கடைசிப் பெயரை விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. நமக்கேது கடைசிப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். போட்டதும் ஒரு சந்தேகம். பல்லைப் பிடுங்கப் போவது எனக்கா, அவருக்கா? சிரிக்காதீர்கள், பட்டவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் வேலை பார்த்தேன். சின்னக் கணினி நிறுவனம். சூடேறிய மானிட்டர் வாசனையோடு கீழேயிருந்து நண்டுக் குழம்பு வாசனை ஏறி வரும். இன்றைக்கும் நண்டைக் கண்டால் வேலை போய்விடுமோ என்றுதான் தோன்றுகிறது. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். தட்டச்சு வேகத்துக்காக எடுத்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று பாஸ் சொல்லியிருந்தார்.

எக்ஸ்எம்எல் அப்போது புதுசு. ப்ரோகிராம் எழுதும் லெட்சுமி அக்காதான் விளக்கினார். கோப்பில் ஒவ்வொரு விவரமும் பெயர்ச்சீட்டு ஒட்டிய பொட்டலமாக வருமாம். ப்ரோகிராமுக்குள் ஆப்ஜெக்ட் என்று ஒன்று அஞ்சறைப்பெட்டி மாதிரி வாயைத் திறந்து காத்திருக்குமாம். எந்தச் சீட்டு எந்த அறைக்குப் போகும் என்று பட்டியல் எழுதுவது என் வேலை.

கிள்ளானில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்காக அதைச் செய்தோம். வெள்ளைக்காரப் படிவம், அதனால் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று சீட்டுகள். பதிந்த மாப்பிள்ளைகளுக்கு மையம் அனுப்பும் கடிதத்தில் ‘திரு’வுக்குப் பின்னால் எதை அனுப்புவது? ஆங்கில முறையில் கடைசிப் பெயர்தான் மரியாதை என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. படித்ததே கொஞ்சம், அதையாவது பயன்படுத்துவோமே என்று அப்படியே எழுதினேன். சோதனைக்காக என் விவரத்தையும் சேர்த்தேன். சோதனைக்காகத்தான், நம்புங்கள்.

மையத்துக்காரர்கள் முப்பது பேருக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. "அன்புள்ள திரு. முனியாண்டி, தங்களுக்கேற்ற மணமகள் கிடைத்துவிட்டார்." முனியாண்டி என் அப்பா. லோரி ஓட்டுபவர், வயது ஐம்பத்தெட்டு.

அம்மா சத்தமாகப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கூட்டிட்டு வாங்க. எனக்கும் பாத்திரம் கழுவ ஆளு வேணும்."

அப்பா கடிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "இருபத்தஞ்சு வயசுதான் போட்டிருக்குலா. சின்னப் பிள்ளை."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மற்ற இருபத்தொன்பது அப்பாக்களும் கண் முன்னால் வந்தார்கள். மறுநாள் கொமுட்டர் ரயிலில் ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் நான்கு முறை எழுதினேன். மாடியேறினால் லெட்சுமி அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார். "மையத்துக்குப் போன் பண்ணி பன்னெண்டு பேர் திட்டிட்டாங்களாம். மூணு பேர் பொண்ணு போட்டோ கேக்குறாங்களாம்."

பட்டியலில் ஒரு வரியை மாற்றி அக்கா அரை நிமிடத்தில் சரிசெய்தார். பாஸ் சரியாகவில்லை. மாலையில் என் கணக்கை முடித்துவிடலாம் என்றார்.

மதியம் படியில் செருப்புச் சத்தம். அப்பா. லோரியைக் கீழே ரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். என் தப்பால் வேலை போய்விடும் என்று காலையில் அம்மாவிடம் நான் புலம்பியதைக் கேட்டிருக்கிறார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதுகூடத் தெரியாதவர், பாஸ் முன்னால் கடிதத்தை வைத்தார்.

"பாஸ், இவனை நிறுத்திடாதீங்க. ஆறு மாசமா என் வீட்டுக்காரி என்கூடப் பேசல. நேத்துத்தான் பேசுனா. இன்னும் ரெண்டு லெட்டர் அனுப்பச் சொல்லுங்க."

பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் நிரந்தரமானேன்.

அந்த மாடி இன்று இல்லை. அடுக்குமாடி எழும்பிவிட்டது. லெட்சுமி அக்கா ஆஸ்திரேலியா போனார். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடும்போது "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். ஆறு வருடமாக அந்த வீட்டில் மாப்பிள்ளை இல்லை. அம்மா இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப அடுக்கி வைக்கிறார்.